சேர்விஸுக்குக் கொடுத்தது ஒரு வாகனம், திரும்பி வந்தது வேறொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாங்குளத்தில் டீசல் டபுள் கப் (முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் பாரம் ஏற்றும் தட்டு உள்ள வாகனம்) ஒன்று வைத்து வாடகைக்கு ஓடுகிறேன். விதைநெல்லும் உரமும் வயலுக்கு ஏற்றுவேன். அறுவடை முடிந்தால் நெல் மில்லுக்குப் போகும். இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் வவுனியா ஆஸ்பத்திரிக்கும் ஓடும். வாங்கியதிலிருந்து பெரிய தொந்தரவு தராத வாகனம்.

நான்கு மாதத்துக்கு முன் சேர்விஸுக்குக் கொடுத்தேன். பில்லில் ஒயில், பில்டர் என்று எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் ‘அப்டேட் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. எஞ்சினை நடத்துகிற கணினியின் மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். அதற்குக் காசு போடவில்லை. இலவசம்தானே என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேதான் பிழை விட்டேன்.

லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடின வாகனம் இப்போது 10 ஓடுவதே பெரிய காரியம். பாரம் ஏற்றி மிதித்தால் முன்பிருந்த இழுவை இல்லை. புகைக்கரி வடிகட்டியின் விளக்கு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை எரிகிறது. திரும்பப் போய்க் கேட்டேன். “புகையைக் குறைக்கிற அப்டேட் அண்ணை, கம்பனியிலயிருந்து வந்தது. உள்ளுக்குள்ள என்ன மாறினதென்று எங்களுக்கும் தெரியாது” என்றான் அங்கே நின்ற தம்பி. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவனில் எனக்குக் கோபம் இல்லை.

ஜேர்மனியில் இருக்கிற மச்சானிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அங்கே இது பழைய கதையாம். 2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் கம்பனி அமெரிக்காவில் பிடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். பரிசோதனையில் நிற்கிறோம் என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கிற மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். தெருவில் இறங்கினால் புகையிலுள்ள நச்சு வாயுவான நைதரசன் ஒட்சைட்டு அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை போனது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வாகனங்கள். அமெரிக்காவில் காரைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கும் உரிமை சனத்துக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் கிடைத்தது அப்டேட். 2 லீற்றர் எஞ்சினுக்கு அரை மணித்தியால வேலை. 1.6 லீற்றருக்கு அதோடு காற்றுக் குழாயில் ஒரு சிறிய பிளாஸ்டிக் வலை. ஜேர்மனியில் அப்டேட் செய்ய மறுத்தவர்களின் கார்கள் தெருவில் ஓடத் தடை செய்யப்பட்டதும் உண்டு.

அதைச் செய்துகொண்டவர்களில் பலர் சொன்ன குறைகளை மச்சான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் வாகனத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே இருந்தது. டீசலைக் கூடுதலாகக் குடிக்கிறது, இழுவை இல்லை, புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு அடைக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

காரணம் விளங்காத ஒன்றல்ல. எஞ்சினுக்குள் சூடு கூடினால் நைதரசன் ஒட்சைட்டு கூடும். அதைக் குறைக்க வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள். அப்படி விட்டால் சூடு குறையும், ஆனால் கரி கூடும். கரி கூடினால் வடிகட்டி கெதியாக நிரம்பும். நிரம்பியதை எரிக்க 600 பாகையளவு சூடு வேண்டும், அதற்கு எஞ்சின் மேலதிகமாக டீசலைத் தெளிக்கும். ஏ-9 வீதியில் ஓமந்தை வரை ஒரே வேகத்தில் போனால் அது எரிந்து முடிந்துவிடும். நான் ஓடுவது வயலுக்கும் மில்லுக்கும் இடையில், இரண்டாம் கியரில், பள்ளம் பார்த்துப் பார்த்து. எரியத் தொடங்கும்போது நான் சாவியைத் திருப்பி நிற்பாட்டிவிடுவேன். எரியாமல் மிஞ்சின டீசல் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்குகிறது.

இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. அந்த வொக்ஸ்வாகன் அப்டேட்டில், வெளி வெப்பநிலை 15 முதல் 33 பாகைக்குள் இருந்தால்தான் புகையைத் திருப்பி விடும் வேலை முழுதாக நடக்கும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஜேர்மனியில் வருடத்தின் பெரும்பகுதி 15 பாகைக்குக் கீழேதான். பிழையைத் திருத்த வந்த அப்டேட்டிலேயே இப்படி ஏற்பாடு வைத்தது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. வன்னியின் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை என்பது வேறு கதை.

குறை என் வாகனத்தின் அப்டேட்டில்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நான் அடிப்பது கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் அல்ல, சாதாரண ஒட்டோ டீசல். அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் என்ன மாறினது என்று ஒரு தாளும் கையில் இல்லாமல் எது காரணம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நாங்கள் வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்துதான் வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கிறோம். டீசல் வாகனம் என்றால் நிற்க வைத்து அக்ஸிலேற்றரை அமத்தி, புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டை அளப்பதில்லை. ஆகவே இந்த அப்டேட்டால் காற்று சுத்தமானதா என்று சொல்லவும் இங்கே வழியில்லை. என் நெஞ்சுக்கும் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் நல்லதென்றால் 2 கிலோமீற்றர் போனால் போகட்டும் என்பேன். போனது எதற்கு என்று தெரிய வேண்டாமா?

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது கார்புரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின ஊர் இது. அன்று எஞ்சினைக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்த மெக்கானிக்மார் இன்னும் இருக்கிறார்கள். என் வாகனத்தைப் பார்த்துவிட்டு அவர்களில் ஒருவர், “தம்பி, இதுக்குக் குறடு காணாது, லப்டொப் வேணும்” என்றார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அப்டேட் செய்ய முதல் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். பழைய பதிப்பு இலக்கம், புதிய பதிப்பு இலக்கம், எது மாறுகிறது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தந்து கையெழுத்து வாங்க வேண்டும். அதன்பிறகு வால்வோ வடிகட்டியோ பழுதானால் குறிப்பிட்ட காலத்துக்குச் செலவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வொக்ஸ்வாகன் கம்பனியே, அப்டேட்டுக்குப் பிறகு சில பாகங்களில் வரும் முறைப்பாடுகளை இரண்டு வருடம் கவனிப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்.

அடுத்த சேர்விஸ் வருகிற மாதம். இந்தமுறை பில்லை வாங்க முதல் ‘கேட்காமல் அப்டேட் செய்ய வேண்டாம்’ என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
டபுள் கப் உரிமையாளர் ஒருவர்,
மாங்குளம்.