இடது பெடலின் மரை

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா, ஜூன் மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, ஒரு போட்டோ அனுப்பு.

"அறுபத்தொரு வயதில் சைக்கிளும், மலையில் தனியாக டென்ட்டும் எதற்கடி?" என்று கேட்டிருந்தாய். நம் தெருவில் அண்ணன் தம்பிகள் சைக்கிள் பழகியபோது நாம்தானே சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினோம்? ஒரு நாளும் நம்மை ஏறச் சொன்னதில்லை. நம் பக்கமெல்லாம் மேடும் சரிவும். பழகுவதற்கு ஏற்ற சமதரை கடற்கரை நடைபாதைதான். அங்கே 'வெள்ளையருக்கு மட்டும்' என்று போர்டு. 1989-ல் டர்பன் கடற்கரை எல்லோருக்கும் திறந்தபோது எனக்கு 25 வயது, இடுப்பில் குழந்தை.

அந்த நடைபாதையில்தான் இப்போது பழகினேன். முதல் மூன்று ஞாயிறும் மகன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். அவன் கையை எடுத்தால் நான் சாய்ந்துவிடுவேன். பிறகு சைக்கிள் கடைப் பையன் ஒருவன் வழி சொன்னான்: இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, பாதம் முழுக்கத் தரையில் படும்படி சீட்டை இறக்கிக்கொண்டு, காலால் உந்தி உந்திப் போங்கள் என்று. 1817-ல் ஜெர்மனியில் ட்ரைஸ் என்பவர் செய்த முதல் வண்டிக்கே பெடல் கிடையாதாம். பெடலைக் கழற்ற 15 மில்லிமீட்டர் ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். வலது பெடல் சட்டென்று வந்துவிட்டது. இடது பெடலோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். அதன் திருகு மரை தலைகீழ், மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கமாகத் திருப்பியதும் இளகிக் கொடுத்தது.

வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் திருப்பினால் விழுந்தே தீருவோம். பெடல் இல்லாமல் ஐந்து நாள். ஆறாம் நாள் காலை இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, முப்பது நாற்பது அடி இருக்கும், உருண்டுகொண்டே போனேன். யாரும் பிடித்திருக்கவில்லை. நின்று கடலைப் பார்த்து அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

மலைக்குப் போனதும் அந்தத் தைரியத்தில்தான். டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில் ராயல் நேட்டால் பூங்கா, மஹாய் முகாம். கேட்டும் காவலும் உள்ள இடமாகப் பார்த்துத்தான் போனேன், மகளிடம் நாள் குறித்துச் சொல்லிவிட்டு. தனியாகப் போகும் பெண் அதில் மட்டும் அலட்சியம் காட்டக் கூடாது. சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டேன்.

மே மாதக் கடைசி, இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம். ஐந்து மணிக்கெல்லாம் வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அதற்கப்புறம் பதின்மூன்று மணி நேர இரவு. பபூன் குரங்குகளுக்குப் பயந்து ரொட்டி, ஊறுகாய் எல்லாவற்றையும் காருக்குள் பூட்டினேன். குளிருகிறதே என்று டென்ட்டின் காற்றுத் திறப்புகளை ஒன்று விடாமல் மூடினேன், அதுதான் தப்பு. நான் விட்ட மூச்செல்லாம் துணியில் நீராகக் கோத்து, விடியற்காலை சொட்டுச் சொட்டாக முகத்தில் விழுந்தது. ஸ்லீப்பிங் பேக்கின் மேல்பக்கம் ஈரம். வெளியே புல் முழுக்க உறைபனி. மறுநாள் இரவு திறப்புகளைத் திறந்துவிட்டு, முதுகுக்குக் கீழே கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டேன். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

தூங்குவதற்கு முன் வெளியே நின்றேன். ஆயா காட்டித் தருவாளே திரிசங்கு, தென்சிலுவை என்பார்களே அதுதான், நாலு நட்சத்திரமும் அவ்வளவு உயரத்தில், அவ்வளவு தெளிவாக! சாட்ஸ்வொர்த் விளக்கு வெளிச்சத்தில் இத்தனை வருஷம் நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. பேச ஆளில்லையே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. காலையில் முகாம் பாதையில் சைக்கிள் விட்டேன். எதிரே ஆம்ஃபிதியேட்டர் பாறைச்சுவர், ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு, வெயில் பட்டு மெல்ல மெல்லச் சிவந்தது.

முழங்காலுக்கு சைக்கிள் நல்லது என்று உன் டாக்டரே சொன்னதாக எழுதியிருக்கிறாய். புரட்டாசி விரதத்துக்கு இங்கே வருவாய் அல்லவா? அவர் சரி என்றால், உன் உயரத்துக்குச் சீட்டை இறக்கி, பெடல் இரண்டையும் கழற்றி வைத்திருக்கிறேன். நான் பிடிக்க மாட்டேன், பக்கத்தில் நடந்து வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி