மொன்சா அட்டையை எறிந்துவிடாதே

ஒஸ்லோ,
8 டிசம்பர் 2020

அன்பு மகனுக்கு,

தம்பி, நேற்றுத் தொலைபேசியில், "இந்த ஆண்டு கணக்கில் சேராது அப்பா" என்றாய். இரவு முழுவதும் அது மனதை அறுத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெப்ரவரியில் உலக ராலி கார்ப் பந்தயத் தொடரின் சுவீடன் ராலி நம் நோர்வே எல்லைக்குள் வந்தபோது, நீ மெக்கானிக்காக இருக்கும் அணியின் காரைப் பார்க்க நானும் அம்மாவும் பின்ஸ்கோகன் காட்டில் நின்றோமே. பனி ராலிக்குப் பனியே இல்லை. நேரம் கணக்கிட்டு ஓடும் பாதைத் துண்டுகளான ஸ்டேஜ்களில் பலவற்றை வெட்டினார்கள். அந்த ஆண்டுக்கு அதுவே பெரிய இழப்பு என்று பேசிக்கொண்டு வீடு வந்தோம். அடுத்த மாதம் மெக்சிகோவில், கொரோனாவால் எல்லைகள் மூடப்படுமுன் எல்லோரும் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று, மார்ச் 14 சனிக்கிழமையே ராலியை முடித்துவிட்டார்கள். பிறகு போர்த்துக்கல், ஆர்ஜென்டினா, 18 ஆண்டுகளுக்குப் பின் திரும்பவிருந்த கென்யாவின் சஃபாரி, பின்லாந்து என்று ஒவ்வொன்றாக ரத்தாயின. செப்டெம்பரில் எஸ்தோனியா வரை ஒன்றுமில்லை.

பெரிய அணிகளுக்குக் கார் நிறுவனத்தின் பணம் இருக்கிறது. உங்களைப் போன்ற மூன்றாம் பிரிவுத் தனியார் அணி, ஓட்டுநர் திரட்டிவரும் விளம்பரப் பணத்தில் ஓடுகிறது. ராலி இல்லையென்றால் மெக்கானிக்குக் கூலியும் இல்லை. ஏப்ரல் முழுவதும் நீ டயர் கடையில் ஊராரின் ஆணி டயர்களைக் கழற்றினாய். மாலையில் கறுத்த விரல்களோடு வந்து, எதுவும் பேசாமல் சோறு உண்டதை நான் மறக்கவில்லை.

1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு பள்ளிக்கூடம் மூடியபோது, நானும் உன்னைப்போலத்தான் சொன்னேன். அந்த மாதங்களில்தான் சித்தப்பாவின் சைக்கிள் கடையில் ரிம்மின் கோட்டம் எடுக்கப் பழகினேன். எட்டு வயதில் உனக்கு நான் முதலில் கற்றுத் தந்த வேலையும் அதுதான்.

சனிக்கிழமை இத்தாலியில் மொன்சா ராலியின்போது பெர்காமோ மலைப்பாதைகளில் பனி கொட்டக் கொட்டக் கார்கள் ஏறியதை நேரலையில் பார்த்தோம். மார்ச்சில் இராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை ஏற்றிச் சென்ற அதே பெர்காமோ. அம்மா அழுதார். பார்வையாளர் இல்லாத அந்தப் பாதையில் உங்கள் கார் வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்.

மாட்ஸ் ஓஸ்ட்பெர்க் 2012இல் போர்த்துக்கலில் உச்சப் பிரிவையே வென்றவர். ஏழே ராலிகள் நடந்த இந்த ஆண்டில் இரண்டாம் பிரிவுப் பட்டத்தை எடுத்திருக்கிறார். உங்கள் பிரிவில் யாரி ஹுட்டுனன். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 2020 என்றுதான் எழுதுவார்கள். முகக்கவசம் கட்டி, காரைப் பழுதுபார்க்கத் தரும் 45 நிமிட மாலை சர்வீஸில் நீ செய்த வேலை மட்டும் எப்படிக் கணக்கில் சேராமல் போகும்?

தனிமைப்படுத்தல் முடிந்து நத்தாருக்கு உன்னால் வர முடியாது என்பது புரிகிறது. அம்மா பருத்தித்துறை வடை சுட்டு அனுப்புகிறார்.

மார்ச்சில் நீ குப்பையில் போட்ட மெக்சிகோ அனுமதி அட்டையை நான் எடுத்துச் சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். மொன்சா அட்டையை எறிந்துவிடாதே. அதே ஆணியில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா