துப்பாக்கியோடு நிற்கும் ஆன் ஷெர்லியைத் தேடித் தாருங்கள்

உலகெங்கும் உள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்தாருக்கும், பழைய படச்சுருள் டப்பாக்களைப் பரணில் போட்டு வைத்திருக்கும் சேகரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

கனடா எழுத்தாளர் லூசி மாட் மான்ட்கோமரி 1908இல் வெளியிட்ட ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலை, சிரிப்பும் கண்ணீருமாக 1919இல் ஹாலிவுட் மௌனப்படமாக எடுத்தது. இயக்கியவர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர். கதாநாயகி ஆன் ஷெர்லி வேடத்தில் மேரி மைல்ஸ் மின்டர். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இருப்பதாகத் தெரியவில்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லைதான். அமெரிக்கா எடுத்த 10,919 முழுநீள மௌனப்படங்களில் 14 சதவீதம்தான் வெளியான வடிவிலேயே முழுசாக மிஞ்சியிருக்கிறது என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் அறிக்கை 2013இல் சொன்னது. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ படத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும் எங்களுக்கு இந்த வலி புதிதல்ல. ஆனாலும் ஆசை விடவில்லை. கனடாவின் டாசன் நகரில், மூடிப்போன நீச்சல் குளத்து மண்ணுக்குள்ளிருந்து 1978இல் 500க்கும் மேற்பட்ட சுருள்கள் கிடைத்தனவே!

சரி, பெயர் அட்டை போன ஒரு சுருள் உங்களிடம் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனின் செந்நிறக் கூந்தல் உதவாது. அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகத்தான் பதியும். உதவப்போவது மான்ட்கோமரியின் கோபம். படம் பார்த்துவிட்டு வந்து நாட்குறிப்பில் பொரிந்து தள்ளியிருக்கிறார். மின்டர் வெறும் சர்க்கரைப் பாகாம், தன் ஆனின் காரம் துளியும் இல்லையாம். ஒரு மாணவனை அடித்ததற்காக ஊரே திரண்டு வர, பள்ளிக்கூட வாசலில் ஆன் துப்பாக்கியோடு நிற்கிறாளாம். கதை நடக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவு அறியாத ஸ்கங்க் என்ற நாற்றம் பீய்ச்சும் பிராணி வேறு வருகிறதாம். எல்லாவற்றுக்கும் மேல், கனடாக் கதையில் அமெரிக்கக் கொடி! அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்ததாம். இருக்காதா பின்னே? படம் வந்த 1919இன் தொடக்கத்தில்தான் தன் உரிமைகளைப் பதிப்பாளருக்கு விற்றிருந்தார். படத்துக்கு வந்த பணத்தில் அவருக்குக் காலணா கிடைக்கவில்லை.

அவர் திட்டியவைதான் இன்று நமக்கு அங்க அடையாளங்கள். வேறு நாட்டுத் திரையரங்குக்குப் போன பிரதி என்றால் காட்சிகளுக்கு நடுவே வரும் இடைவாசகங்கள் அந்த ஊர் மொழியில் இருக்கலாம், தலைப்பும் மாறியிருக்கலாம். அதனால் எழுத்தை நம்பாமல் படத்தைப் பாருங்கள்: ஓர் இளம் ஆசிரியை, துப்பாக்கி, பள்ளி வாசல், கொடி. ‘அடையாளம் தெரியாதவை’ அலமாரியில் கிடப்பவற்றிலிருந்து நாலைந்து சட்டகங்களையாவது பொதுவெளியில் போடுங்கள். எங்களைப் போன்ற வாசகர்கள் பார்த்துச் சொல்லிவிடுவோம்.

அப்புறம், டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் யாரையும் சிகரெட் பிடிக்க விடாதீர்கள். அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் பிலிம் தண்ணீருக்குள்ளும் எரியும்.

அன்புடன்,
ஆனின் தமிழ் வாசகி ஒருத்தி