ஸ்டோருக்குப் பின்னால ஒரு ரோதைக் குழி

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் பழைய தேயிலை பேக்டரிங்களப் பத்தி நீங்க போட்டிருந்த கட்டுரைய ரெண்டு தடவ வாசிச்சேன். கந்தப்பளை ஹெதர்செட் பேக்டரி ஹோட்டலானது, ஹந்தானையில 1925ல கட்டின பேக்டரி மியூசியமானது எல்லாம் நல்லா வந்திருந்திச்சு. ஆனா நீராவி எஞ்சின் வந்த பொறகுதான் ஸ்டோருங்க (தேயிலை பேக்டரியத்தான் நாங்க ஸ்டோருன்னு சொல்லுவோம்) ஓட ஆரம்பிச்சிச்சுன்னு ஒரு வரி இருந்திச்சு பாருங்க, அத வாசிச்சதும் எங்க தாத்தா ஞாபகம் வந்திருச்சு. ஏன்னா எங்க ஸ்டோர ஓட்டினது ரோதை, அதாவது தண்ணியால சுத்துற பெரிய சக்கரம்; தாத்தா அங்க பார்த்த வேலையே அதுக்குத் தண்ணி தொறந்து விடுறதுதான்.

நான் மஸ்கெலியா பக்கம். தோட்டத்துப் பேரு வேணாம், சொன்னா நாளைக்கே யாராச்சும் வந்து என்ன ஏதுன்னு கேப்பாங்க.

இலங்கை மலையகத்துல எந்தத் தோட்டத்துக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க, தொரை பங்களா மேல மேட்டுல இருக்கும், தொழிலாளிங்க வரிசை வீடான லயம் நடுச் சரிவுல, ஸ்டோரு மட்டும் பெரும்பாலும் கீழ ஆத்தோரமாவோ ஓடைப் பக்கமாவோ இருக்கும். கொழுந்து மூட்டைய கீழ்ப்பக்கமா எறக்குறது லேசுங்கறது ஒரு காரணம், ஆனா பெரிய காரணம் தண்ணிதான். தண்ணி எவ்வளவு ஒசரத்துல இருந்து விழுதோ அவ்வளவு பலம், அதனால மேல ஓடைய மறிச்சு சின்னதா ஒரு அணை கட்டி, மலை வளைஞ்ச பக்கமெல்லாம் கூடவே வளைஞ்சு ஒரு கானு, அதாவது வாய்க்கால் வெட்டிக் கொண்டாந்து, ஸ்டோருக்குக் கிட்ட வந்ததும் பீலி மாதிரி நீட்டி ரோதை உச்சியில விழ வச்சாங்க. தேயிலைக்கு முந்தி கோப்பிக் காலத்துலயே பழத்துத் தோல் உரிக்கிற மெசினுக்கு ரோதை வச்சிருந்தாங்க. 1869ல இலைநோய் வந்து கோப்பி அழிஞ்சு போச்சு, ஆனா வெட்டின கானு எங்க போகும், அது தேயிலைக்கு ஒதவிச்சு. ஸ்டோருங்கற பேருகூட கோப்பி குமிச்சு வச்ச காலத்துல இருந்து ஒட்டிக்கிட்டதுதான்னு நான் நெனைக்கிறேன்.

1867ல லூல்கந்துரவுல 19 ஏக்கர்ல தேயில போட்ட ஜேம்ஸ் டெய்லருகூட மொதல்ல பங்களா வராந்தாவுல மேசை போட்டு கையாலதான் கொழுந்து உருட்ட வச்சாரு. கையால எவ்வளவுன்னு உருட்டுறது, அதுக்குத்தான் ரோலர்ங்கற உருட்டுற மெசினும் அத ஓட்ட ரோதையும் வேண்டியிருந்திச்சு.

மேல இருந்து தண்ணி விழுற ரோதைக்கும் அடியில ஓடுற தண்ணி தள்ளுற ரோதைக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 1759லயே ஸ்மீட்டன்னு ஒரு இங்கிலீஷ் இஞ்சினியர் அளந்து பார்த்திருக்காரு, அடியில தள்ளுறதுல தண்ணியோட பலத்துல நாலுல ஒரு பங்குகூட கெடைக்கல, உச்சியில விழுறதுல மூணுல ரெண்டு பங்கு கிட்ட கெடைச்சிச்சு. மலையில பொறந்த நமக்கு இத எவனும் சொல்லித் தரத் தேவையில்ல.

ஆனா இருபது அடி ரோதை நிமிசத்துக்கு பத்து சுத்துகூட சுத்தாது, அந்த வேகத்த வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால பெரிய பல்சக்கரம், சின்னப் பல்சக்கரம் மாட்டி வேகத்தக் கூட்டி, ஸ்டோரோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தலைக்கு மேல ஓடுற ஒரே இரும்புத் தண்டுக்குக் குடுத்து, அதுல இருந்து தோல் பெல்ட் போட்டு ரோலருக்கெல்லாம் எறக்கினாங்க. ஸ்டோரு ரயில் பெட்டியாட்டம் நீளமா இருக்குறதுக்கு அந்தத் தண்டும் ஒரு காரணம். மேல் மாடியெல்லாம் வரிசையா ஜன்னலு, அது கொழுந்து வாட வைக்கிற எடம், அங்க காத்துதான் வேலக்காரன்.

கொழுந்து வாட ராத்திரி ஆயிரும், அதனால நடுச்சாமத்துலதான் ரோலர் போடுவாங்க. தேயில செய்யிறதப் பார்த்துக்கிற டீமேக்கர் உள்ள இருந்து விசில் அடிச்சா தாத்தா கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டு ஒரு கையில அரிக்கன் லாம்போட போய் கானுத் தண்ணிய மறிச்சிருக்கிற பலகைய ரெண்டு விரக்கடை தூக்குவாராம், கூட ஒரு விரக்கடை தூக்கிட்டா பெல்ட் கழண்டு பறக்கும், கொறஞ்சா ரோலர் நின்னு கொழுந்து சூடேறி நாறிப்போகும், ரெண்டுக்கும் ஏச்சு வாங்குறது அவருதான். மாசி பங்குனியில ஓட வத்திட்டா இன்னும் மோசம். ரோதைக்குப் பக்கத்துலயே ஒரு கல்லு நட்டு ரோதமுனின்னு கும்பிட்டாங்க, தேங்காய் ஒடைச்சு கற்பூரம் காட்டாம பலகையத் தொட மாட்டாரு தாத்தா.

பொறகு ரோதைய எடுத்துட்டு கானுக்குப் பதிலா இரும்புக் கொழாய், குழியில டர்பைன்ங்கற தண்ணியால சுத்துற இரும்பு மெசின். சின்ன வயசுல நான் பார்த்தது அதைத்தான், இங்கிலாந்து கெண்டால்ல செஞ்ச கில்க்ஸ் டர்பைன், பேரு எழுதின தகடுல எப்பவும் கிரீஸ் அப்பியிருக்கும். 1950ல கெஹெல்கமு ஓயா ஆத்துத் தண்ணியில லக்ஸபான மின்நிலையத்துக் கரண்டு வந்திச்சு. அதுவும் நம்ம மலைத் தண்ணிதானே, ஆனா அந்தக் கம்பி எங்க ஸ்டோரு வரைக்கும் வந்ததும் டர்பைன நிப்பாட்டிட்டாங்க.

ரெண்டு வருசத்துக்கு முந்தி டர்பைனையும் கொழாயையும் பழைய இரும்புக்கு வெட்டி லாரியில ஏத்திட்டாங்க. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. மிச்சம் இருக்குறது கருங்கல்லுல கட்டின ரோதைக் குழி மட்டும். சுவத்துல ரோதை ஒரசின வளைஞ்ச கோடு இன்னும் தெரியுது, இப்ப அதுல குப்ப கொட்டுறாங்க. முனி கல்லை மட்டும் யாரும் தொடல, பயம்.

உங்க கட்டுரையாளரு அடுத்த தடவ இந்தப் பக்கம் வந்தா ஸ்டோரு முன்பக்கத்த மட்டும் போட்டோ புடிக்காம பின்னாலயும் சுத்திப் பார்க்கச் சொல்லுங்க. பேராதனை யுனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளைங்க யாராச்சும் டேப் எடுத்துக்கிட்டு வந்தா குழியில எறங்கி அளக்க நான் கூட வாரேன், ஏணி எங்கிட்ட இருக்கு. அட்டை கடிக்கும், உப்பு கொண்டாரச் சொல்லுங்க.

இப்படிக்கு
ஒரு பழைய வாசகர்,
மஸ்கெலியா.