குளோரைட்டு வேறு, புளோரைட்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் உயர்தர இரசாயனவியலுக்காக வந்த புளோரைட்டு உப்புகள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். ஹட்டனில் பல வருடமாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவள் நான். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு டியூஷன் வசதி கிடையாது. உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள். அதில் பிழை வந்தால் எனக்கு மனம் பதறுகிறது.

வெள்ளி நைத்திரேற்று விட்டால் குளோரைட்டைப் போலவே புளோரைட்டும் வெள்ளை வீழ்படிவு (கரையாமல் பிரியும் திண்மம்) தரும் என்று எழுதியிருக்கிறீர்கள். தராது. வெள்ளிப் புளோரைட்டு நீரில் நன்றாகக் கரையும். கல்சியத்தில் நிலைமை தலைகீழ்: கல்சியம் குளோரைட்டு 100 மில்லிலீற்றர் நீரில் 70 கிராமுக்கு மேல் கரையும், கல்சியம் புளோரைட்டோ ஒரு லீற்றரில் ஏறக்குறைய 16 மில்லிகிராம்தான். அதனால் புளோரைட்டைக் கண்டறிய, சோடியம் புளோரைட்டுக் கரைசலில் கல்சியம் குளோரைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்க வேண்டும். அது தயிர் போலத் திரளாது. முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சோதனைக்குழாயை ஜன்னல் பக்கம் பிடித்தால் கஞ்சித் தண்ணீர் போல மெல்லக் கலங்குவது தெரியும். அவசரப்பட்டு 'வீழ்படிவு இல்லை' என்று எழுதிவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

கல்சியம் காபனேற்று சேர்த்த பற்பசைகளில் சோடியம் புளோரைட்டைப் போடாமல் சோடியம் மொனோபுளோரோபொசுபேற்றைப் போடுவதும் இதனால்தான். இல்லாவிட்டால் புளோரைட்டு டியூப்புக்குள்ளேயே கல்சியத்தோடு சேர்ந்து பயனற்றுப் போகும். இதை எழுதியிருந்தால் பிள்ளைகள் வீட்டு டியூப்பை எடுத்து வாசித்திருப்பார்கள்.

சரி, அதைக்கூடத் திருத்திவிடலாம். என்னை அதிகம் கலங்க வைத்தது சோடியம் புளோரைட்டின் தயாரிப்பு முறைதான். கல்சியம் புளோரைட்டோடு செறிந்த சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வரும் ஐதரசன் புளோரைட்டைச் சோடியம் காபனேற்றால் நடுநிலையாக்கலாம் என்ற தாக்கம் சரியானதே. ஆனால் அது தொழிற்சாலை வேலை. எச்சரிக்கையாக ஒரு வரிகூட நீங்கள் போடவில்லை. ஐதரசன் புளோரைட்டு நீரில் கரைந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கும். ஐதான அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காது, மணிக்கணக்கில் கழித்துத்தான் வலிக்கும். அதற்குள் அது உள்ளே ஊறி உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கட்டுரை வந்த மறுநாளே ஒரு மாணவன் வந்து, "டீச்சர், லாப்ல செய்து பார்ப்போமா?" என்று கேட்டான். ஆர்வமான பிள்ளை. உட்கார வைத்து விளக்கினேன். அப்புறம், சோடியம் புளோரைட்டுக் கரைசலை ஒரு டிசம்பர் விடுமுறை முழுக்கக் கண்ணாடிப் போத்தலில் மறந்து வைத்ததால் உட்புறம் மங்கிப்போன போத்தலை எடுத்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தவன் பேசாமல் போய்விட்டான். அன்றிலிருந்து அந்தக் கரைசல் பிளாஸ்டிக் போத்தலில்தான் இருக்கிறது. அந்த உப்பே நச்சு என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

திருத்தத்தை ஒரு மூலையில் போடாமல், அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பிள்ளைகள் வெட்டி ஒட்டக்கூடிய மாதிரி அடுத்த வாரமே போடுங்கள்.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியை,
ஹட்டன்.