லெதர் சீட்டுக்கு எண்ணெய் வேண்டாம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டிவலி தேவலை.

டிரைவர் சீட்டின் வெளிப்பக்க மேடு வெடித்திருக்கிறது, எண்ணெய் தடவினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறாய். ஆகாதுடா. இப்போது கார் சீட்டுக்கு வரும் தோலில் பெரும்பாலும் கலர் பூசி, அதன்மேல் பாலியூரித்தேன் பூச்சும் ஏற்றிவிடுகிறார்கள். நம் கை படுவதே அந்தப் பூச்சில்தான். எண்ணெய் அதைத் தாண்டி இறங்காது. மேலேயே நின்று தூசியைப் பிடித்துவைக்கும். நீ ஏறி இறங்கும்போது உரசி உரசித் தேய்ந்ததும் அதே பூச்சுதான்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக் கருத்தால் அந்த இடத்தில் போய்விட்டது.

அடுத்து சுத்தம். இதில்தான் பொறுமை வேண்டும். சீட் பளபளவென்று இருப்பதாக எழுதியிருக்கிறாயே, அது வியர்வையும் உடம்பு எண்ணெயும் படிந்த மினுமினுப்பு. புதுசில் அது மங்கலாகத்தான் இருந்திருக்கும். தையல் இடுக்கில் உள்ள மண்ணை முதலில் வேக்குவம் போட்டு எடு. இல்லாவிட்டால் தேய்க்கும்போது அதுவே கீறும். லெதர் கிளீனரைச் சீட்டில் ஊற்றாமல் மென்மையான பிரஷ்ஷில் எடுத்து, கையகலம் கையகலமாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடை. துணி பழுப்பாக வரும். பழுப்பு வருவது நிற்கும் வரை திரும்பச் செய். குளியல் சோப்பு வேண்டாம். தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோப்பின் காரம் அதற்கு ஆகாது. ‘மேஜிக் ஸ்பாஞ்ச்’ என்று விற்கும் வெள்ளைக் கட்டியும் வேண்டாம், அது நைசான உப்புத்தாள் மாதிரி பூச்சையே சுரண்டும்.

வெடிப்புக்கு: ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வளைந்துகொடுக்கும் லெதர் ஃபில்லரை (வெடிப்பை நிரப்பும் பசை) மெல்ல மெல்ல ஏற்று. காய்ந்ததும் மறுபடி தேய்த்துவிட்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிக் கலர் கொடு. கடைசியாக மேட் டாப்கோட், அதாவது பளபளக்காத மேல்பூச்சு. ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் உட்கார உட்கார வெடிக்கும். கலர் பொருத்தம் பார்ப்பதைச் சுத்தம் செய்த பிறகு வைத்துக்கொள். முன்னால் பார்த்தால் அழுக்குக்குத்தான் கலர் வாங்குவாய்.

முழுசாகக் கிழிந்திருந்தால் சீட் வேலை தெரிந்தவரிடம் விடு. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் நீயாகக் கழற்றாதே. உன் மாப்பிள்ளை சொல்லும் கவர் யோசனையும் அங்கேதான் இடிக்கிறது: கண்ட கவரைப் போட்டு இறுக்கினால் ஏர்பேக் விரியாமல் தடுத்துவிடக்கூடும்.

தண்ணீர் சொட்டு என்ன ஆனது என்று எழுது. போட்டோ அனுப்பினால் நேர் வெயிலில் எடுக்காதே, கலர் ஏமாற்றும்.

அன்புடன்,
சேகர்