பெண் குழந்தைக்கு 22, ஆண் குழந்தைக்கு 26

காவிரிப் படுகை மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கும், இங்கே ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துவோருக்கும் வணக்கம்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு இப்போது 11 வயது. வயதுக்கு மீறிய எடை. போன வருடம் அடிக்கடி வயிறு வலிக்கிறது என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தோம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு 38. பக்கத்திலேயே '45 வரை' என்று அச்சடித்திருந்தது. சரி, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டோம்.

அதற்குள் அவள் பின்கழுத்து கறுத்துக்கொண்டே வந்தது. என் மாமியார் அழுக்கு என்று நினைத்து வாரந்தோறும் பயத்தமாவு போட்டுத் தேய்ப்பார். பிள்ளை அழும். பத்து மாதம் கழித்து தஞ்சாவூரில் ஒரு குழந்தை மருத்துவர் அந்தக் கழுத்தைப் பார்த்ததும் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். "இது அழுக்கில்லம்மா, உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதுக்கு அடையாளம். இந்த 45 பெரியவங்க கணக்கு. பெண் குழந்தைக்கு 22தான்" என்றார். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தது. குடிக்கிறவர்களுக்கு வருவதாயிற்றே என்று வீட்டில் எல்லாரும் திகைத்துப் போனோம்.

பெண்ணுக்கு 22, ஆணுக்கு 26 என்ற எல்லை 2010இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான, எடை கூடாத பிள்ளைகளின் ரத்தத்தை வைத்துக் கண்டது. வட அமெரிக்கக் குழந்தைகள் கல்லீரல் மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதலும் அதையே எடுத்துக்கொண்டது. உடல் பருமனுள்ள பிள்ளைக்கு 9 முதல் 11 வயதில் இந்தப் பரிசோதனை வேண்டும், அளவு இந்த எல்லையைப்போல் இரு மடங்குக்கு மேல் போய் 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் காரணத்தைத் தேட வேண்டும், 80ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது என்கிறது. நம் பிள்ளைகளுக்கு எது சரியான எல்லை என்று நம் மருத்துவர்கள் ஆராய்ந்து சொல்லட்டும். ஆனால் பெரியவர்கள் எல்லை சரியில்லை என்பது நிச்சயம்.

எஸ்ஜிபிடி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கல்லீரலில் கொழுப்பு இருந்தும் அது எல்லைக்குள்ளேயே இருக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமியாலும் ஏறலாம். பெரியவர்களுக்குக் கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கு வயதைப் பெருக்கிச் செய்வது. அதனால் பிள்ளைகளுக்கு எண் குறைவாகவே வரும், அதை நம்ப முடியாது. உறுதியாகச் சொல்லக் கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்; அதை எல்லாப் பிள்ளைக்கும் செய்ய முடியுமா? அதனால்தான் இந்த மலிவான முதல் பரிசோதனையைச் சரியாகப் படிக்கச் சொல்கிறேன். முன்பே தெரிந்தால் வழி இருக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 8 வாரம் சர்க்கரை சேர்த்த உணவையும் பானங்களையும் குறைத்த சிறுவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17 ஆக இறங்கியது.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர் உயரம், எடை பார்க்கும்போது பின்கழுத்தையும் பாருங்கள். கறுத்திருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்கள். மற்ற பிள்ளைகள் எதிரில் 'குண்டு' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

லேப் நடத்துவோரிடம் கேட்பது ஒன்றுதான். குழந்தையின் ரிப்போர்ட்டில் குழந்தைக்கான எல்லையை அச்சிடுங்கள். என் மகளின் அந்த ரிப்போர்ட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே '10 வயது, பெண்' என்று இருக்கிறது.